நீலச் சட்டைக்காரர்கள் கேட்கிறார்கள்

இந்த வாரம் முழுக்கக் கால்பந்து. அதிலும் சொந்த ஊர் அணி. கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் சென்னைக்காரர்கள். மிச்சக் கால்வாசி, அவர்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள்.

கே: சொந்த ஊர் அணிக்கு ரசிகன் ஆவது எப்படி சார்? (தாம்பரம் வாசகர்)

ப: ஆவதில்லை. இனிஷியல் மாதிரி, பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வரும். மாற்ற நினைத்தால் கெஜட்டில் போட வேண்டும்.

கே: நான் மான்செஸ்டர் யுனைடெட் வெறியன். சென்னையின் எஃப்சி ஆட்டத்துக்கு வா, வா என்று நண்பன் உயிரை எடுக்கிறான். போகலாமா? (பெரம்பூர் கல்லூரி மாணவர்)

ப: ஓல்ட் டிராஃபோர்டுக்கு விசா வேண்டும், நேரு ஸ்டேடியத்துக்கு ஒரு பஸ் போதும். நீங்கள் இங்கிருந்து கத்துவது மான்செஸ்டருக்குக் கேட்காது. பெரியமேட்டில் கத்தினால் ரைட் பேக் திரும்பிப் பார்ப்பான். கிளம்புங்கள் தம்பி.

கே: சென்னை கிரிக்கெட் ஊர்தானே? கால்பந்து எங்கிருந்து வந்தது? (திருவல்லிக்கேணி வாசகர்)

ப: சேப்பாக்கத்துக் காற்றில் வளர்ந்தவர் கேட்கும் கேள்வி. பேசின் பிரிட்ஜ் தாண்டி ஒரு சாயங்காலம் வாருங்கள். வியாசர்பாடிக்குக் 'குட்டி பிரேசில்' என்று பட்டப்பெயர். இரண்டு செங்கல் வைத்தால் அங்கே கோல் போஸ்ட் தயார். மேலே பார் இல்லாததால், உயரமாகப் போன பந்து கோலா இல்லையா என்று அரை மணி நேரம் பஞ்சாயத்து நடக்கும். இரண்டு பக்கமும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி அளந்து பார்ப்பார்கள். குள்ளமான கோலி இருக்கும் பக்கத்துக்கு எப்போதும் நியாயம் கிடைக்கும். கடைசியில் பந்துக்குச் சொந்தக்காரன் வாயைத் திறந்தால் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

கே: நேரு ஸ்டேடியத்தின் பெருமை ஒன்று சொல்லுங்களேன். (சூளை வாசகி)

ப: 1956 ஜனவரியில் அதே இடத்தில் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தார்கள். 52 ஆண்டுகள் அசையாத உலக சாதனை. இன்றைய ஸ்டேடியம் 1993-ல் எழுந்தது. பதிலுக்கு, கிரிக்கெட்டின் ஈடன் கார்டன்ஸ் 1977-ல் பெலேவுக்கு இடம் கொடுத்தது: நியூயார்க் காஸ்மாஸ் 2, மோகன் பகான் 2. கடன் தீர்ந்தது.

கே: 2014-ல் சென்னையின் எஃப்சி வருவதற்கு முன்னால் எங்கள் ஊருக்கு அணியே இல்லையா? (கொளத்தூர் ப்ளஸ் டூ மாணவி)

ப: இருந்தது கண்ணு. இந்தியன் வங்கி அணி தேசிய கால்பந்து லீகில் ஆடியது. ஐ.சி.எஃப். அணி உண்டு. அந்தக் காலத்தில் பந்து நன்றாக உதைத்தால் வேலை கிடைக்கும்: வங்கி, ரயில்வே, போலீஸ். மாப்பிள்ளை ரைட் விங்கில் ஆடுகிறார் என்றால் பெண் வீட்டார் கேட்கும் ஒரே கேள்வி: "பர்மனென்ட்டா?"

கே: உங்களை அழவைத்த ஆட்டம் உண்டா அங்கிள்? (அண்ணா நகர் வாசகர்)

ப: 2014 டிசம்பர் 16. முதல் இந்தியன் சூப்பர் லீக், அரையிறுதி. கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 0-3 வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தோம். கதை முடிந்தது என்றுதான் ஊரே நினைத்தது. 42-ஆவது நிமிடம் மிக்கேல் சில்வெஸ்டர் ஒன்று போட்டார் (யுனைடெட் தம்பி, உங்கள் பழைய சில்வெஸ்டரேதான்). கேரளாவின் ஜிங்கன் காலில் பட்டுச் சேம் சைடு கோல் ஒன்று. 90-ஆவது நிமிடம் ஜேஜே! மூன்றுக்கு மூன்று. ஸ்டேடியம் கூரை பறந்திருக்க வேண்டும். நல்ல கொத்தனார் கட்டியது.

எக்ஸ்ட்ரா டைம். 117-ஆவது நிமிடம் ஸ்டீபன் பியர்சன் கேரளாவுக்கு ஒன்று போட்டார். இன்னும் மூன்றே நிமிடம் தாங்கியிருந்தால் பெனால்டி ஷூட்அவுட். ஆட்டத்தை 3-1 என்று ஜெயித்து, மொத்தக் கணக்கில் 3-4 என்று தோற்றோம். அன்றைக்கு அப்பா தோளில் உட்கார்ந்து அழுத பிள்ளைகள்தான் இன்றைக்குத் தொண்டை கிழியக் கத்துகிற இளைஞர்கள். ஜெயிக்கிற அன்றைக்கு வருகிறவன் விருந்தாளி. அந்தத் தோல்விக்கு அப்புறம் டிக்கெட் எடுத்தவன் வீட்டு ஆள்.

கே: சென்னையின் எஃப்சி கோப்பைகளில் உங்களுக்குப் பிடித்தது எது? (வேளச்சேரி வாசகி)

ப: வேளச்சேரியிலிருந்து கேட்கிறீர்கள். உங்களுக்கே தெரியும். 2015.

அந்த சீசனில் ஒரு கட்டத்தில் அட்டவணையின் அடிமட்டத்தில் கிடந்தோம். அங்கிருந்து எழுந்து அரையிறுதிக்கு வந்தால், டிசம்பர் மழை. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், மொட்டை மாடியில் மாமியார், கையில் சார்ஜ் இல்லாத செல்போன். ஸ்டேடியத்தில் ஆட வழியில்லை. நம் ஊர் அரையிறுதி புனேவுக்குப் போனது. டிசம்பர் 12, நடப்புச் சாம்பியன் கொல்கத்தாவை அங்கே வைத்து 3-0. பெலிசாரி, ஜேஜே, மெண்டோசா.

டிசம்பர் 20, இறுதி ஆட்டம், கோவாவில், கோவாவுக்கு எதிராக. 87-ஆவது நிமிடம் அவர்கள் 2-1. கோப்பையில் ரிப்பன் கட்ட ஆரம்பித்திருப்பார்கள். 90-ஆவது நிமிடம் 2-2. இரண்டு நிமிடம் கழித்து மெண்டோசா 3-2. ரிப்பனை அவிழ்த்து நீலம் கட்டினார்கள். வெள்ளத்தில் டி.வி. போன வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டில் நின்று பார்த்த ஆட்டம் அது. அந்த டிசம்பரில் இந்த ஊருக்கு வந்த ஒரே நல்ல செய்தி என்பேன்.

கே: அந்த 2-2 கோவா கோலியே போட்ட சேம் சைடு கோல்தானே? அதில் என்ன பெருமை? (ஆவடி வாசகர்)

ப: கட்டிமணி கையிலிருந்து போனது உண்மை. ஆனால் பந்து அந்த இடத்துக்கு வரும்வரை நெருக்கியது யார்? மூன்றாவது கோலை மெண்டோசா போட்டபோது அவர் கணக்கு அந்த சீசனில் 13. அதற்குக் கட்டிமணி பொறுப்பில்லை.

கே: அணி தோற்றால் என் கணவர் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவதில்லை. என்ன செய்ய? (வில்லிவாக்கம் வாசகி)

ப: 2018-19 சீசனை எப்படித் தாங்கினீர்கள் அம்மா? நடப்புச் சாம்பியனாக இறங்கி, 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. பத்து அணிகளில் பத்தாவது இடம். அந்த வருடம் மிச்சமான அரிசியில் ஒரு கல்யாணம் நடத்தியிருக்கலாம். அவருக்குத் தயிர் சாதம் போடுங்கள். துக்கத்திலும் அது இறங்கும்.

கே: அப்படிப்பட்ட வருடத்தில் ஸ்டேடியம் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? (போரூர் வாசகர்)

ப: 2019 பிப்ரவரியில் பெங்களூரு வந்தது. அந்த வருடம் கோப்பை வாங்கப்போகிற அணி. நாம் அடிமட்டம். ஜேஜே ஒன்று, நெல்சன் ஒன்று. 2-1 என்று அனுப்பிவைத்தோம். காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர்கள் அன்றைக்குக் கத்திய கத்தல், நிறைந்த ஸ்டேடியத்தில்கூடக் கேட்டதில்லை. வந்தவனுக்குக் கிடைத்தது அது. வராதவனுக்கு ஸ்கோர் மட்டும்.

கே: பெங்களூருக்காரன் என் மேலதிகாரி. ஆட்டத்தன்று நீலச் சட்டை போட்டு ஆபீஸ் போகலாமா? (கிண்டி வாசகர்)

ப: அவர்கள் சட்டையும் நீலம். பிரச்சினையே இல்லை. 2018 மார்ச் 17 என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் ஊர் ஸ்ரீ கண்டீரவாவில் இறுதி ஆட்டம். 9-ஆவது நிமிடம் சுனில் சேத்ரி கோல். அப்புறம் மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று, 3-2, கோப்பை சென்னை ரயில் ஏறியது. சம்பள உயர்வு வந்த பிறகு சொல்லலாம்.

கே: அணியில் பிரேசில்காரன், மிசோரம்காரன். இது எப்படி சார் நம் ஊர் அணி? (திருவொற்றியூர் வாசகர்)

ப: ஸ்பெயினில் அத்லெடிக் பில்பாவோ நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களையோ வளர்ந்தவர்களையோ மட்டும் வைத்து ஆடுகிறது. இன்றுவரை இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியதில்லை. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். ஜேஜேயையும் பிடிக்கும், மிசோரத்திலிருந்து வந்து இத்தனை வருடம் நமக்காக ஓடியவனிடம் ரேஷன் கார்டு கேட்க மாட்டேன். ஆனால் வியாசர்பாடிப் பையன் ஒருவனாவது அந்தப் பதினொன்றில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கே: அப்படி இருந்தவர் யார்? (அதே வாசகர், அடுத்த தபாலில்)

ப: தனபால் கணேஷ். வியாசர்பாடி மண். 2018 அரையிறுதியில் கோவாவை நேரு ஸ்டேடியத்தில் 3-0 என்று அடித்தபோது ஜேஜே இரண்டு, கணேஷ் ஒன்று. அந்த ஒரு கோலுக்கு வீட்டிலிருந்து நடந்து வந்தவர்கள் இருந்தார்கள். வெளியூரில் பிறந்து உள்ளூருக்கு ஆடுபவன் வீரன்; ஸ்டேடியத்துக்கு நடந்து வரும் தூரத்தில் பிறந்து கோல் போடுபவன், தெருவுக்கே தலைவன்.

கே: ஆஃப்சைடு என்றால் என்ன? வீட்டில் யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. (மயிலாப்பூர் பாட்டி)

ப: பாட்டி, எதிரணியின் பாதி மைதானத்தில் நம் ஆளுக்கு நம் ஆளே பாஸ் அடிக்கிறார். அந்த நொடியில் வாங்கப்போகிறவர் பந்துக்கும் முன்னால், எதிராளிகளில் கடைசிக்கு முந்தின ஆளுக்கும் முன்னால் நின்றால் ஆஃப்சைடு. பெரும்பாலும் கடைசி ஆள் கோலி. கோல் விழுந்ததும் முதலில் லைன்ஸ்மேன் கொடியைப் பாருங்கள், அப்புறம் எழுந்து குதியுங்கள். எழுபது வயதுக்கு இந்த வரிசை நல்லது.

கே: கொல்கத்தாவில் மட்டும் ஏன் இவ்வளவு வெறி? (சேலம் வாசகர்)

ப: நூறு வருடப் பழக்கம். ஈஸ்ட் பெங்கால் 1920-ல் பிறந்தது. மோகன் பகான் அதற்கும் 31 வருடம் மூத்தது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், மேற்கு வங்கத்துப் பூர்வீகக்காரர்கள் ஒரு பக்கம். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால். ஸ்கோர் தெரியாதவர் மீன் மார்க்கெட்டுக்குப் போனால் போதும்.

1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 1,31,781 பேர். மோகன் பகான் கோச் அமல் தத்தா, ஆட்டத்துக்கு முன்னால் பாய்ச்சுங் பூட்டியாவைக் கிண்டல் செய்தார். பாய்ச்சுங் வாயைத் திறக்கவில்லை. மூன்று கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் 4-1.

கே: வெறுங்காலில் ஆடி வெள்ளைக்காரனை ஜெயித்தார்களாமே, உண்மையா? (திண்டுக்கல் வாசகர்)

ப: 1911 ஜூலை 29, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். மோகன் பகான் 2, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் 1. பத்துப் பேர் வெறுங்கால். சுதிர் சட்டர்ஜி மட்டும் பூட்ஸ். ஷிப்தாஸ் பாதுரி ஒன்று, அபிலாஷ் கோஷ் ஒன்று. முட்டிக்குக் கீழே இரும்பு லாடம் அடித்தவன் எதிரில் வெறுங்காலோடு போவதற்கு மனசில்தான் பூட்ஸ் வேண்டும்.

கே: அந்தக் கொல்கத்தாப் போரில் தமிழன் பெயர் உண்டா? (தஞ்சாவூர் வாசகர்)

ப: உங்கள் ஊரிலிருந்தே தொடங்குவோம். குலோத்துங்கன், 2003-ல் ஜகார்த்தாவில் ஆசியான் கோப்பை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தவர். 2018-ல் சாலை விபத்தில் போய்விட்டார். கொல்கத்தா ரசிகர்களும் சேர்ந்து அழுதார்கள். அப்புறம் 2023 ஆகஸ்ட் 12, டுராண்ட் கோப்பை. நாலரை வருடமாக மோகன் பகானை ஜெயிக்காமல் தவித்த ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரே கோல், 1-0. போட்டவர் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். அன்றைக்கு அங்கே ஹில்சா விலையை ஏற்றியது நம் ஊர்க் கால்.

இன்னொன்றும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராகக் கோல் போட்டவர் சைமன் சுந்தர்ராஜ். அவரும் தஞ்சாவூர்க்காரர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசிக் கோல் அதுதான். தலையாட்டி பொம்மைக்கு மட்டும் பேர் வாங்கின ஊர் இல்லை.

கே: எதிரணி ரசிகனோடு நட்பு சாத்தியமா? என் ரூம்மேட் கேரளா பிளாஸ்டர்ஸ். (சோழிங்கநல்லூர் ஐ.டி. ஊழியர்)

ப: 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் ஒரு மருத்துவ மாணவிக்கு நடந்த கொடுமைக்கு ஊரே கொந்தளித்தது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மோதவிருந்த டெர்பி ஆட்டத்தை ரத்து செய்தார்கள். சால்ட் லேக் வாசலில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் மூன்று கூட்டமும் சேர்ந்து நின்று நியாயம் கேட்டது. நூறு வருடப் பகையாளிகள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றார்கள். உங்கள் ரூம்மேட்டோடு வாடகையைப் பகிரலாம். ரிமோட்டை மட்டும் கொடுக்காதீர்கள்.

கே: அணியையே வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? (ஈரோடு வாசகர்)

ப: லண்டனில் விம்பிள்டன் அணியை மில்டன் கீன்ஸுக்கு மாற்ற 2002-ல் அனுமதி கொடுத்தார்கள். ரசிகர்கள் மனு எழுதிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. பூங்காவில் ஆள் தேர்வு வைத்துத் தாங்களே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் தொடங்கினார்கள். ஒன்பதாவது படியிலிருந்து ஏறி, ஒன்பதே வருடத்தில் ஃபுட்பால் லீக்கைத் தொட்டார்கள். 2020-ல் பழைய ப்ளவ் லேன் தெருவுக்கே திரும்பினார்கள். முதலாளி கொண்டுபோனது பெயர்ப்பலகையை.

கே: ஏழை ரசிகனால் கைதட்டுவதைத் தவிர என்ன முடியும்? (கடலூர் வாசகர்)

ப: பெர்லினில் யூனியன் அணிக்குப் பணம் இல்லாதபோது, 2004-ல் ரசிகர்கள் ரத்தம் கொடுத்து, அதற்குக் கிடைத்த காசை அணிக்குத் தந்தார்கள். 2008-ல் ஸ்டேடியம் இடிந்து விழுகிற நிலை. 2,000-க்கும் மேற்பட்டவர்கள் சிமென்ட் கலந்து தாங்களே கட்டினார்கள். 2023-ல் அந்த அணி சாம்பியன்ஸ் லீகில் ஆடியது. சித்தாள் கூலி இன்னும் பாக்கி.

கே: சென்னை சிட்டி எஃப்சி, கோயம்புத்தூரில் ஆடியது என்ன நியாயம்? (சிங்காநல்லூர் வாசகர்)

ப: உங்களுக்கு லாபம்தானே! 2019 மார்ச் 9, நேரு ஸ்டேடியம். உங்கள் ஊர் நேரு ஸ்டேடியம். மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் சாம்பியன். ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தியது. பெத்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல். ஐ-லீக் கோப்பையைத் தமிழ்நாடு முதல் முறை தொட்டது கொங்கு மண்ணில். அந்த அணி இன்று இல்லை என்பது எனக்கு ஆறாத புண். சாம்பியனை வளர்க்கத் தெரிந்த ஊருக்குக் காப்பாற்றவும் தெரிந்திருக்க வேண்டும்.

கே: ஆண்கள் அணி பற்றியே பேசுகிறீர்களே? (மதுரை வாசகி)

ப: சரியான உதை. உங்கள் மதுரை சேது எஃப்சி 2019-ல் இந்திய மகளிர் லீக் சாம்பியன். இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3-1. மணிப்பூரைக் கால்பந்தில் ஜெயிப்பது என்ன லேசா? அதற்கு முந்தைய ஆண்டே தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன்கள். அங்கும் எதிரில் மணிப்பூர்தான். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணி நடுக்களத்திலும் நின்றவர், காக்கிச் சட்டையிலும் நிற்பவர். அவர் மார்க் பண்ணும் ஃபார்வர்டுக்கு மஞ்சள் கார்டு சின்ன பயம்.

கே: ஆள் இல்லாத ஸ்டேடியத்தில் நடந்த இறுதி ஆட்டம் எது? (நாகர்கோவில் வாசகர்)

ப: 2020 மார்ச் 14, கோவா. கொரோனா கதவைச் சாத்தியது. கொல்கத்தாவின் ஏ.டி.கே. 3, நாம் 1. அந்த ஒன்றும் வால்ஸ்கிஸ் போட்டது. சீசனுக்கு 15 கோல். கோச் ஓவன் கோய்ல் வந்து தூக்கி நிறுத்திய அணி அது. கத்துவதற்கு நாம் இருந்திருந்தால் ஸ்கோர் மாறியிருக்கும். இதை நான் கடைசிவரை நம்புவேன்.

கே: 2015 இறுதி ஆட்டத்தன்று போட்ட டி-ஷர்ட்டைத்தான் இன்றும் ஆட்டத்துக்குப் போடுகிறேன். மனைவி திட்டுகிறாள். (மடிப்பாக்கம் வாசகர்)

ப: போடுங்கள். துவைத்துவிட்டுப் போடுங்கள். அதிர்ஷ்டம் துணியில் இருக்கிறது, வாடையில் இல்லை.

கே: மகன் பந்து, பந்து என்று படிப்பைக் கோட்டை விடுகிறான். (எண்ணூர் அம்மா)

ப: வியாசர்பாடியில் பிள்ளைகளுக்குப் பந்தையும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே கட்டிவிடும் அமைப்புகள் இருக்கின்றன. மைதானத்துக்கு வர வேண்டுமா, வகுப்புக்குப் போய்விட்டு வா. பந்தைப் பிடுங்காதீர்கள் அம்மா. அதைக் காட்டித்தான் அவனைக் கணக்குப் பாடத்துக்குக் கூட்டிப் போக முடியும்.

கே: ஸ்டேடியம் போக ஆசை. வழியும் தெரியாது, யாரையும் தெரியாது. தனியாகப் போகக் கூச்சம். (புதிதாகச் சென்னை வந்த திருநெல்வேலி வாசகர்)

ப: சென்ட்ரல் மெட்ரோவில் இறங்குங்கள் அண்ணாச்சி. ரிப்பன் மாளிகையைத் தாண்டி, நீலச் சட்டைகள் போகிற பக்கம் நடங்கள். பி ஸ்டாண்டில் டிக்கெட் எடுங்கள். சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்று மேளத்தோடு வருகிற கூட்டங்கள் உண்டு. உட்காரலாம் என்று நினைக்காதீர்கள், தொண்ணூறு நிமிடமும் நிற்க வேண்டும். முதல் கோல் விழுந்ததும் பக்கத்தில் நிற்பவர் உங்களைக் கட்டிப்பிடிப்பார். அவர் பெயரை இடைவேளையில் கேட்டுக்கொள்ளலாம்.